சட்டி திருப்புறது

அப்பாடா, முடிவு பண்ணியாச்சு. ஆரப்பாளையத்துல பஸ் ஏறி, ஜன்னலோரமா உக்காந்து, மஞ்சப்பையை மடியில வச்சு ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்ச பிறகுதான் மூச்சே ஒழுங்கா வருது. பைக்குள்ள ஒரு மண்சட்டி. சட்டிக்குள்ள ஒண்ணும் இல்ல. தேய்ச்சுக் கழுவி, வெயில்ல காயவச்சு, பழைய துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போறேன், திண்டுக்கல்லுல இருக்கிற இன்னாசிமுத்து அண்ணன்கிட்ட திருப்பிக் கொடுக்க. காலையில இவரு கேக்குறாரு, காலிச் சட்டியைக் கொடுக்க ஞாயித்துக்கிழமையும் அதுவுமா ஒண்ணரை மணி நேரம் பஸ்ல போறியா, கொரியர்ல போட்டா ஆகாதான்னு. கட்டின புருசனுக்கு இது புரியாது. கள்ளிச்செடி வளர்க்கிற எங்க கூட்டத்துல சட்டி திருப்புறதுன்னா அது வேற. ஒருத்தர் உங்களை நம்பி ஒரு செடியை அடைக்கலமா கொடுத்து, அது உங்க கையில செத்துப் போச்சுன்னா, போன்ல சொல்லக் கூடாது, குரூப்புல எழுதக் கூடாது. செடி வந்த சட்டியைக் கழுவி எடுத்துட்டு நேர்ல போகணும். அவரு வாங்கிக்குவாரு. எப்படிச் செத்துச்சுன்னு கேக்க மாட்டாரு. நீங்களா சொன்னா கேட்டுக்குவாரு. ஒரு காபி கொடுப்பாரு. அம்புட்டுதான். அப்புறம் குரூப்புல 'சட்டி திரும்பியாச்சு'ன்னு ஒரு வரி வரும், எல்லாரும் ஒரு கும்பிடு போடுவாங்க, ஜோலி முடிஞ்சது. இந்த அம்புட்டுதானைச் செய்ய எனக்கு ஆறு மாசம் ஆயிருச்சு. ஆறு மாசமா செத்த செடியை உயிரோட இருக்குன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன் நான், தமயந்தி டீச்சர், இருபத்தேழு வருசமா ஏழாம் கிளாசுக்குக் கணக்கு நடத்துறவ. நேத்துச் சாயங்காலம் சட்டியை எடுத்துத் தேய்ச்சு வச்சேன். ராத்திரி நல்லாத் தூங்குனேன். எத்தனை நாளாச்சு அப்படித் தூங்கி. பஸ் இன்னும் கிளம்பல, டிரைவர் கீழ நின்னு டீ குடிக்கிறாரு, குடிக்கட்டும், நிதானமாக் குடிக்கட்டும், எனக்கு அவசரம் இல்ல, இனிமே எனக்கு எதுலயும் அவசரம் இல்ல.

முதல் வரி மட்டும்தான் கிடைக்கல. 'அண்ணே, ஒரு விசயம்'னு ஆரம்பிச்சா கடன் கேக்க வந்த மாதிரி இருக்கும். 'அண்ணே, மன்னிச்சுக்கோங்க'ன்னா அழுதுருவேன். ஒண்ணுமே சொல்லாம சட்டியை நீட்டிரலாமா? நீட்டலாம், மத்தவங்கன்னா நீட்டலாம், அதுக்குத்தானே அந்த வழக்கமே, வாய் திறக்காமச் சொல்றதுக்கு. ஆனா நான் சொல்ல வேண்டியது செத்துப் போச்சுங்கிறது மட்டும் இல்லையே. பொய் சொன்னேங்கிறதையும் சொல்லணுமே. அதுக்கு ஏது சட்டி. மனுசன் கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. கம்பத்துல ஏறி ஏறி முழங்கை ரெண்டும் காய்ச்சுப் போன மனுசன். அந்தக் கையால கடுகு அளவு விதையை ஒவ்வொண்ணா எடுத்து வச்சு நாப்பது விதை போட்டாரு, பழைய ஐஸ்கிரீம் டப்பாவுல. அதுல முளைச்சது பதினொண்ணு, தப்பிச்சது ஒண்ணு. அந்த ஒண்ணை ஆறு வருசம் வளர்த்தாரு. ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ்னு பேரு, எங்க குரூப்புல இட்லிக்கள்ளி. நெசமாவே இட்லிதான், முள்ளே கிடையாது, எட்டுப் பாளம், ஒவ்வொரு பாளத்து நடுவுலயும் வரிசையா வெள்ளைப் பஞ்சுப் பொட்டு. ஆறு வருசத்துக்கு அது ஒரு இட்லி அளவுக்குத்தான் வந்துச்சு. போன ஐப்பசியில கண்புரை ஆபரேசனுக்கு மதுரைக்கு வந்தப்ப, மூணு மாசம் மாடிப்படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு, செடியை எல்லாம் ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக் கொடுத்தாரு. இட்லியை மட்டும் கண்ணுல கறுப்புக் கண்ணாடியோட எங்க வீட்டுக்கே எடுத்துட்டு வந்தாரு. 'டீச்சர், மத்தவங்க பாசத்துல தண்ணியை ஊத்திக் கொன்னுருவாங்க. நீங்கதான் கல்லு மனசு'ன்னாரு. அதை நான் பெருமையா எடுத்துக்கிட்டேன். கல்லு மனசாம். அட கடவுளே.

பஸ் எடுத்துட்டான். காத்து வருது, வைகையோட நாத்தமும் சேர்ந்து வருது, பரவால்ல, வரட்டும். குரூப்புல எனக்குப் பேரே தண்ணி டீச்சர். புதுசா யாராச்சும் வந்து 'வாரத்துக்கு எத்தனை தடவை தண்ணி ஊத்தணும்'னு கேட்டா, 'மாசத்துக்கு எத்தனைன்னு கேளுங்க'ன்னு நான்தான் எகிறுவேன். வாடினாப்புல தெரியும், ஊத்தாதீங்க. மண்ணுக்குள்ள அமுங்கிப் போகும், ஊத்தாதீங்க. அது தூங்குது, தூங்குற பிள்ளை வாயில யாராச்சும் சோத்தைத் திணிப்பாங்களான்னு பக்கம் பக்கமா எழுதுவேன். எழுதுன கை. இதே கை. மார்கழி கடைசி, பொங்கலுக்கு அஞ்சு நாள் இருக்கு, சாயங்காலம் ஆறு மணி இருக்கும், மக நிவேதா புனேயில இருந்து போன் பண்ணுனா. லீவு இல்லம்மா, பொங்கலுக்கு வரலைன்னா. சரி கண்ணு, முறுக்கு சுட்டு அனுப்பவான்னேன். வேணாம்மா. அதிரசம்? வேணாம்மா, இங்க யாரும் சாப்பிட மாட்டாங்க. குளிருக்குப் போர்வை? எல்லாம் இருக்கும்மா, எனக்கு ஒண்ணும் வேணாம், நீ நல்லா இருன்னா. நல்ல பிள்ளை, தங்கமான பிள்ளை, கோவமே இல்லாம ஒண்ணும் வேணாங்கிறா. ஒண்ணும் வேணாம்னு ஒரு பிள்ளை சொன்னா பெத்தவ என்ன செய்யணும், சந்தோசந்தானே படணும். நான் போனை வச்சுட்டு மாடிக்குப் போனேன். துணி எடுக்கத்தான் போனேன். பனி இறங்கிக்கிட்டு இருந்துச்சு, மாடி பூரா ஈரம். இட்லி சட்டிக்குள்ள அமுங்கிப் போய், சுருங்கி, ஓரமெல்லாம் மடங்கி உக்காந்திருந்துச்சு. மார்கழியில அது அப்படித்தான் இருக்கும், அது எனக்குத் தெரியும், கிளாசுல வாய்ப்பாடு சொல்ற மாதிரி சொல்லுவேன். ஆனா அன்னிக்கு என் கண்ணுக்கு அது பசிச்ச பிள்ளையாத் தெரிஞ்சது. நீயாச்சும் குடின்னு சொல்லி ஒரு மக்குத் தண்ணி ஊத்துனேன். சொன்னேன், சத்தமாவே சொன்னேன், நீயாச்சும் குடின்னு. பக்கத்து மாடியில துணி எடுத்துக்கிட்டு இருந்த பொம்பளை திரும்பிப் பார்த்துச்சு. ஒரு மக்குதான். ரெண்டு நாள்ல நல்லா உப்பிருச்சு. பார்த்தியா, தாகந்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பதினஞ்சாம் நாளு விரல் வச்சு அழுத்துனா, பழுத்த கொய்யாவாட்டம் உள்ள போகுது விரலு.

வெட்டிப் பார்த்தேன். எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. அடியில இருந்து மெல்லிசா சீவிக்கிட்டே வரணும், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டுல துடைக்கணும், நடுவுல வளையம் பழுப்பா இருந்தா அழுகல் மேல ஏறிருச்சுன்னு அர்த்தம், வளையம் வெள்ளையா ஆகுற வரைக்கும் சீவணும். வெள்ளை வந்துட்டா தப்பிச்சுது. மிச்சத்தை இன்னொரு கள்ளி மேல ஒட்டுப் போட்டு வச்சா பிழைச்சுக்கும். சீவுனேன். பழுப்பு. சீவுனேன். பழுப்பு. வெள்ளை வந்துரும், அடுத்ததுல வந்துரும், மாதாவே மீனாட்சியேன்னு ரெண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டேன், செடிக்காரரு வேதக்காரரு ஆச்சே, அவங்க சாமியும் பார்த்துக்கட்டும்னு. கடைசியில கையில நின்னது உச்சந்தலை மட்டும், எட்டணாக் காசு அளவு, அதுலயும் நடுவுல பழுப்புப் பொட்டு. இவரு அடுப்படிக்கு வந்து வெட்டுப்பலகையைப் பார்த்துட்டு, 'என்ன காய் இது, நூல்கோலா? சாம்பாரா பொரியலா?'ன்னாரு. நான் அந்த மனுசனை வைஞ்ச வசவு இருக்கே. பாவம், அவரு என்ன செய்வாரு. அன்னிக்கே கிளம்பியிருக்கணும். அன்னிக்கே சட்டியைக் கழுவிக் கிளம்பியிருந்தா ஒரு காபியோட முடிஞ்சிருக்கும். நாளைக்குப் போவோம், பரீச்சை முடியட்டும், அண்ணனுக்குக் கண்ணு ஆறட்டும், இந்த நேரத்துல மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நல்ல நல்ல காரணமா வந்துச்சு. அதுக்குள்ள மாசத்து முதல் ஞாயிறு வந்துருச்சு. முதல் ஞாயிறு எங்க குரூப்புல 'அடைக்கலம் ஆஜர்'. அடுத்தவங்க செடியை வச்சிருக்கிற எல்லாரும் அதைப் போட்டோ எடுத்துப் போடணும். குரூப்பை நடத்துற கரூர் பல் டாக்டரம்மா மெஹருன்னிசா போட்ட சட்டம் அது, ஒருத்தரு விடாம பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. தமயந்தி டீச்சர், இட்லி ஆஜரா? நான் போன்ல தேடுனேன். நவம்பர்ல எடுத்தது ஆறேழு இருந்துச்சு, அதுல ஒண்ணை எடுத்தேன். போட்டுட்டேன். ஆஜர்.

ஆறு போட்டோ. ஆறும் நவம்பர்ல ஒரே நாளு எடுத்தது. மூணு மாசம் முடிஞ்சு மத்தவங்க எல்லாம் அவரு செடியைத் திருப்பிக் கொடுத்தப்ப, கோடை முடியட்டும்ண்ணேன்னு நான் மட்டும் இழுத்துட்டேன். ஒண்ணைக் கொஞ்சம் திருப்பிப் போட்டேன், ஒண்ணை வெளிச்சம் கூட்டிப் போட்டேன், ஒண்ணை ஓரத்தை வெட்டிக் கிட்டக்க காமிச்சேன். என் கிளாசுல பிள்ளைங்க அடுத்தவன் நோட்டைப் பார்த்து எழுதுறப்ப ஒரு வரியை மாத்தி எழுதுங்க, கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நினைப்பு. 'கணக்கு தப்பா இருந்தாலும் பரவால்ல, ஆனா உன் தப்பா இருக்கணும்'னு நான் காதைத் திருகிச் சொல்லியிருக்கேன். எத்தனை காது. இப்ப அந்தக் காதுங்க எல்லாம் இந்த பஸ்ஸுல ஏறிக்கிட்டா நான் எங்க இறங்குறது. அதுல பாருங்க, பத்து நாளைக்கு முன்னாடி பரீச்சைத் தாள் திருத்திக்கிட்டு இருக்கிறப்பதான் சுருக்குன்னு உறைச்சது. அந்த இட்லியோட மூணாவது பாளத்துல ஒரு வெயில் தழும்பு, மிளகு அளவு. கள்ளி நடு உச்சியில இருந்துதான் வளரும், புதுசு வர வர பழசு ஓரத்துக்கு நகர்ந்து கீழ போகும். ஆறு மாசம், அதுலயும் கோடை முழுக்க வளர்ந்த செடின்னா அந்தத் தழும்பு கீழ இறங்கியிருக்கணும். என் போட்டோவுல தழும்பு ஆணி அடிச்சாப்புல அதே இடத்துல நிக்குது. சாதாரண ஆளு கவனிக்க மாட்டான். நாப்பது விதையில ஒண்ணை வளர்த்தவரு கவனிக்காம இருப்பாரா? கவனிச்சிருந்தா ஏன் ஒரு வார்த்தை கேக்கல? கேக்கலைன்னா தெரியலைன்னு அர்த்தமா, இல்ல, சீன்னு விட்டுட்டாருன்னு அர்த்தமா? இப்ப மனசு மறுபடியும் கணக்குப் போடுது பாரு. சும்மா இரு. சொல்லத்தானே போற. சமயநல்லூர் தாண்டிருச்சு. ஆனா தழும்பு கூடப் பெருசு இல்ல. போன வியாழக்கிழமை அவரு தனியா ஒரு மெசேஜ் அனுப்புனாரு. 'டீச்சர், என்கிட்ட இருக்கிற இன்னொரு இட்லிக்கு மொட்டு வந்துருக்கு. உங்ககிட்ட இருக்கிறதுக்கு?' இட்லிக்கள்ளிக்குத் தனியாப் பூத்தா விதை பிடிக்காது, வேற செடியோட மகரந்தம் வேணும், ரெண்டும் ஒரே நேரத்துல பூக்கணும். என் கட்டை விரல் தானாப் போய் அடிச்சுது, 'எனக்கும் வந்துருக்குண்ணே.' எனக்கும் வந்துருக்காம். அழுகிப் போய்க் குப்பைக்குப் போன செடிக்கு மொட்டு. உடனே பதில், 'அப்படியா! ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வாங்க, பிரஷ் வாங்கி வச்சுட்டேன்.' அந்த பிரஷ்தான் என்னைக் கொன்னுருச்சு. அந்த மனுசன் கடைக்குப் போயி, இருக்கிறதுலயே சின்ன பிரஷ் கொடுப்பான்னு கேட்டு வாங்கியிருப்பாரு.

"சட்டியா தாயி?" பக்கத்து சீட்டு. வாடிப்பட்டியில ஏறுன அம்மா, மடி நிறைய வளையல் டப்பா, பேத்திக்கு வளைகாப்பாம் சின்னாளப்பட்டியில. துண்டு விலகிச் சட்டி தெரிஞ்சிருக்கு. ஆமாங்கன்னேன். "அப்படி அணைச்சுப் பிடிச்சிருக்கியே, என்ன இருக்கு உள்ள?" எனக்கு என்ன தோணுச்சோ, யாருகிட்டயும் சொல்லாததை இந்த அம்மாகிட்ட சொல்லிப் பார்ப்போமேன்னு தோணுச்சு. ஒண்ணுமில்லம்மா, செத்துப் போச்சு, திருப்பிக் கொடுக்கப் போறேன்னேன். சொல்லிட்டேன்! வானம் இடிஞ்சு விழல, பஸ் பாட்டுக்குப் போகுது, செத்துப் போச்சுங்கிறது வாய்ப்பாடு மாதிரி சுளுவா வந்துருச்சு வாயில. அந்த அம்மா முகம்தான் மாறிப் போச்சு. வளையல் டப்பாவை அந்தப் பக்கமா நகர்த்திக்கிட்டாங்க. "எப்ப தாயி?" தை மாசம்னேன். "என்ன வயசு?" ஆறு. "அய்யய்யோ, பச்சப்பிள்ளையா!" எனக்கு இன்னும் புரியல, ஆமாம்மா, நான்தான் பார்த்துக்கிட்டேன், என் கையாலயே, ஒரு மக்குத் தண்ணிதான் கொடுத்தேன்னு நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போறேன். அந்த அம்மா கண்ணுல பொலபொலன்னு தண்ணி. "சாம்பலைக் கரைக்காம இம்புட்டு நாளு வீட்டுலயா வச்சிருந்த?" அப்பத்தான் எனக்கு மண்டையில உறைச்சது. அய்யோ அம்மா, செடிம்மா! கள்ளிச்செடி! சட்டிக்குள்ள ஒண்ணுமே இல்லன்னு துண்டைப் பிரிச்சுக் கவுத்துக் காமிச்சேன். அந்த அம்மா சட்டிக்குள்ள எட்டிப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "கள்ளியா? தரிசு பூரா கெடக்குதே அந்தக் கள்ளியா? அதைப் போயி வீட்டுக்குள்ள வச்சு, அது செத்துப் போயி, அதுக்கு ஒரு பயணமா? நல்லாப் பொழைக்கிறீங்கடி நீங்க!" முன் சீட்டுக்காரரு திரும்பிச் சிரிக்கிறாரு. நானும் சிரிச்சேன், கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சேன். கொடைரோடு வந்து, வலது பக்கம் சிறுமலை நீலமாத் தெரிய ஆரம்பிச்சப்பவும் சிரிப்பு அடங்கல. அந்த அம்மா இறங்குறப்ப, "கொடுத்தவங்க வைஞ்சா வாங்கிக்க தாயி, வசவு உடம்புல ஒட்டாது"ன்னு தோள்ல தட்டிட்டு இறங்குனாங்க. வைஞ்சா நல்லா இருக்கும். நல்லா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி வையணும் அண்ணன். வையாம, பரவால்ல டீச்சர்ன்னு சிரிச்சுட்டாருன்னாதான் தாங்காது.

திண்டுக்கல். வெயிலு மண்டையைப் பிளக்குது. பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்தே வந்துட்டேன், ஆட்டோவுல வந்தா சீக்கிரம் வந்துருமேன்னு. தெரு முனையிலயே அவரு மாடி தெரியுது, பழைய கம்பத்து இரும்பை வச்சு அவரே அடிச்ச பந்தல், மேல பிளாஸ்டிக் சீட்டு. முதல் வரி இன்னும் வரல. கேட்டைத் தாண்டிப் போயிட்டேன், ஆமா, தாண்டி நாலு வீடு போயிட்டேன், யாரோட வீட்டையோ தேடுறவ மாதிரி. கால் அது பாட்டுக்குப் போகுது. மறுபடியும் திரும்பி வந்தா மாடியில இருந்து குரல், "டீச்சர்! நம்ம வீடு அங்கிட்டு இல்ல, இங்கிட்டு!" நின்னு பார்த்துக்கிட்டே இருந்திருக்காரு மனுசன். கறுப்புக் கண்ணாடி இல்ல இப்ப, கண்ணு பளிச்சுன்னு இருக்கு. இறங்கி வந்து கேட்டைத் திறந்தாரு. நான் வாசல்லயே நின்னு, துண்டைப் பிரிச்சு, சட்டியை நீட்டுனேன். யோசிச்சு வச்ச ஒரு வரியும் வரல. "அண்ணே, தை மாசமே போயிருச்சு. தண்ணி ஊத்துனேன். ஆறு போட்டோவும் பழசு. மொட்டு பொய்." மூச்சு விடாம அம்புட்டும் வந்து விழுந்துருச்சு. கழுவின அந்தச் சட்டி கணக்கா உள்ள ஒண்ணும் மிச்சமில்ல. அவரு சட்டியை ரெண்டு கையாலயும் வாங்குனாரு. உள்ள விரலை விட்டுத் தடவிப் பார்த்தாரு. "நல்லாத் தேய்ச்சிருக்கீங்க"ன்னாரு. அப்புறம், "தெரியும் டீச்சர்"ன்னாரு.

மார்ச்சுலயே தெரியுமாம். தழும்பாண்ணேன்னேன். தழும்பேதான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், அவமானம் போன இடம் தெரியல. "அஞ்சு மாசம் தெரிஞ்சுக்கிட்டு ஒரு வார்த்தை கேக்கலையாண்ணே நீங்க? நான் தூக்கம் இல்லாமக் கெடந்தேன்! மொட்டு வந்துருக்கான்னு வேற கேட்டீங்களே, பிரஷ் வாங்கி வச்சேன்னீங்களே!" "அப்பவாச்சும் சொல்லிருவீங்கன்னுதான் டீச்சர் கேட்டேன். நீங்க என்னடான்னா மொட்டே விட்டுட்டீங்க." உள்ள இருந்து அவரு சம்சாரம், மதினி ஞானசெல்வம், காபியைக் கொண்டுவந்து டங்குன்னு வச்சாங்க. "டீச்சர் வந்து சொல்லிட்டாங்கல்ல. இப்ப நீங்க சொல்லுங்க. சொல்லுறீகளா, நான் சொல்லவா?" அண்ணன் சட்டியை எடுத்துக்கிட்டு எந்திரிச்சாரு, மதினி விடல. "இந்த மனுசன் மட்டும் ஒழுங்கா? கரூர் டாக்டரம்மா வீடு இடிச்சுக் கட்டுறப்ப அடைக்கலமாக் கொடுத்தாகளே, கல்லு மாதிரி ஒரு கள்ளி, அது போயி ஒரு வருசம் ஆச்சு டீச்சர். மாசாமாசம் பழைய போட்டோவைத்தான் போடுறாரு. கண்ணு ஆபரேசன் பண்ணிட்டு வந்த மறுவாரமே, கட்டுக் கண்ணோட, என்னைய அனுப்பச் சொன்னாரு!" எனக்கு வாயில காபி நிக்கல. எங்க கூட்டத்துலயே பெரிய கையி. யாருக்குச் செடி சீக்குன்னாலும் அண்ணனைக் கேளுங்கன்னு சொல்ற ஆளு. "அது வளரவே வளராது டீச்சர், அந்தச் செடி"ன்னாரு மெதுவா. "பத்து வருசம் ஆனாலும் அப்படியேதான் இருக்கும். தழும்பு நகராது. அதான் யாரும் கண்டுபிடிக்கல. உங்க போட்டோவைப் பார்த்தவுடனே எனக்குப் பிடிபட்டதே, நானும் அதேதான் பண்றேன், அதனாலதான். கேக்க எனக்கு என்ன யோக்கியதை? நீங்க முதல்ல திருப்பிட்டீங்கன்னா, அதைப் பார்த்து எனக்கும் ஒரு தைரியம் வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன்." அறுபத்தி மூணு வயசு ஆளு, ஹைடென்சன் கம்பத்துல ஏறுனவரு, தைரியத்துக்காக என்னைய எதிர்பார்த்து உக்காந்திருக்காரு. வையணும்னு வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்துச்சு. மூணு பேரும் சிரிக்கிறோம், மதினி முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிறாங்க. அம்மாடி, எம்புட்டு லேசா இருக்கு உடம்பு. மாடிக்குக் கூட்டிட்டுப் போயிக் காமிச்சாரு. அவரோட இன்னொரு இட்லியில மொட்டு நெசந்தான், உச்சியில ஒரு மஞ்சப் பூ, நடுவுல சிவப்பு, அகலமா விரிஞ்சு நிக்குது. பக்கத்துலயே அந்த பிரஷ், கவரைக் கூடப் பிரிக்கல. ஜோடி இல்ல, விதை பிடிக்காது. வருத்தமாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். "பூத்துட்டுப் போகட்டும்"ன்னாரு. "இதுக்கும் தண்ணி ஊத்திராதீங்க."

சாப்பிட்டு முடிச்சதும் நான்தான் கேட்டேன், கரூர் சட்டி எங்கண்ணேன்னு. பரண் மேல இருந்து எடுத்தாரு, பேப்பர்ல சுத்தி, ஒரு வருசமாக் கழுவித் தயாரா வச்சிருக்காரு. எடுத்துட்டுக் கிளம்புங்கன்னேன். இன்னிக்கேயா, டாக்டரம்மா ஞாயித்துக்கிழமை ஓய்வு எடுப்பாங்களேன்னாரு. கிளம்புங்கன்னேன். சட்டை மாத்திட்டு வர அரைமணி நேரம் ஆக்குனாரு. பஸ் ஸ்டாண்டுல கரூர் வண்டி நின்னுச்சு, உக்கார இடம் இருந்துச்சு. கூட்டமா இருக்கும்போல, அடுத்த வண்டியில போவோமா டீச்சர்ன்னாரு. அது போச்சு. அடுத்தது வந்துச்சு. இது அங்கங்க நின்னு நின்னு போகும்ன்னாரு. அதுவும் போச்சு. சட்டியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கிறாரு, வேர்த்து ஊத்துது, முகத்தைப் பார்த்தா ஆறு மாசமாக் கண்ணாடியில பார்த்த என் முகம்தான். பாவமா இருந்துச்சு. ஆனா பாவம் பார்த்து ஊத்துன தண்ணிதானே இம்புட்டுக்கும் காரணம். மூணாவது வண்டி வந்து நின்னுச்சு. என்ன சொல்லி ஆரம்பிக்கிறது டீச்சர், முதல் வரி மட்டும் சொல்லிக் கொடுங்கன்னாரு. வராதுண்ணே, அங்க போய் நின்னா தானா விழும்னேன். அவரு மறுபடியும் வண்டியோட போர்டை அண்ணாந்து பார்த்து, வாயைத் திறந்தாரு. நான் ஏழாம் கிளாஸ் குரலை எடுத்தேன்.

"ஏறுங்கண்ணே."

ஏறிட்டாரு.